பாட்டே இல்லாத கிட்டார் ஆல்பத்த எப்படி கேக்கறது

வார்த்தை இல்லாத மியூசிக்க உக்காந்து முழுசா கேக்கற பழக்கம் நம்மள்ல நெறைய பேருக்கு இல்ல. எனக்கும் ரொம்ப நாளா இல்ல. பல்லவி, சரணம்னு கேட்டே வளந்துட்டோம், நடுவுல வர்ற இன்டர்லூட் எவ்ளோ அழகா இருந்தாலும் அடுத்த சரணம் எப்ப வரும்னுதான் காது காத்துட்டு இருக்கும். அதனால யாராவது "வெறும் கிட்டார்தான், கேட்டுப் பாரு, அழுதுருவ"ன்னு ஒரு ஆல்பத்த அனுப்புனா, ரெண்டு நிமிஷம் கேட்டு "நல்லாருக்கு"ன்னு ரிப்ளை போட்டுட்டு மூடிருவோம். அப்படி மூடாம உள்ள போறதுக்கு எனக்கு உதவுன விஷயங்கள இங்க எழுதறேன். அமெரிக்க ஜாஸ் கிட்டாரிஸ்ட் பேட் மெத்தினியோட 'ஒன் கொயட் நைட்' ஆல்பத்த வெச்சே சொல்றேன், ஏன்னா எனக்கு உள்ளங்கை மாதிரி தெரிஞ்ச ஆல்பம் அதுதான்.

மொதல்ல அது எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சுக்கங்க, கேக்கற விதமே மாறிடும். 2001 நவம்பர்ல ஒரு ராத்திரி, மெத்தினி தன் வீட்லயே, ஒரே கிட்டார், ஒரே மைக், தனியா உக்காந்து வாசிச்சு ரெக்கார்ட் பண்ணது. ஆல்பம் போடணும்னு பண்ணல. அப்புறம் டூர் போன எடத்துல அத திரும்பத் திரும்ப கேட்டுட்டே இருந்திருக்காரு, 2003 ஜனவரில இன்னும் கொஞ்சம் வாசிச்சு சேத்து அந்த வருஷமே வெளியிட்டாரு. 2004ல கிராமியும் கெடச்சுது. ஆனா நீங்க மனசுல வெச்சுக்க வேண்டியது கிராமிய இல்ல, அந்த ஒத்த மைக்க. யாரோ நமக்காக கச்சேரி பண்றாங்கன்னு நெனச்சு கேக்காதீங்க, பக்கத்து ரூம்ல ஒருத்தர் தனக்குத்தானே வாசிச்சுட்டு இருக்காரு, நாம கதவோரமா நிக்கறோம்னு நெனச்சுக்கங்க.

அடுத்தது ஹெட்ஃபோன். இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், ஃபோன் ஸ்பீக்கர்ல இந்த ஆல்பத்த கேக்காதீங்க. இது சாதாரண கிட்டார் இல்ல, பாரிடோன் கிட்டார், கனடால இருக்கற லிண்டா மான்சர் கையால செஞ்சது. சாதாரண கிட்டாரோட அடிக் கம்பி 82 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், இதுல அது 55 வரைக்கும் எறங்கும், ஃபோன் ஸ்பீக்கர்ல அந்த அடிச் சத்தம் வரவே வராது, பாதி ஆல்பம் போயிரும். இன்னொண்ணு, மெத்தினி இதுல நடு ரெண்டு கம்பிய மட்டும் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி, மேல தூக்கி டியூன் பண்ணிருக்காரு. அதனால கீழ ரெண்டு கம்பி பேஸ் மாதிரி பேசும், நடு ரெண்டும் திடீர்னு மேல போய் மினுக்கும், மிச்ச ரெண்டு அதுக்குள்ள ஒரு ஆம்பளக் கொரல் மாதிரி மெதுவா நடக்கும். மூணு பேர் வாசிக்கற மாதிரி இருக்கே, ஓவர்டப்பா, தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி ஒண்ணு மேல ஒண்ணு வெச்சதான்னு நெறைய பேர் கேப்பாங்க. ஒரே ஆள், ரெண்டு கைதான்.

ஆப்ல ஷஃபிள், க்ராஸ்ஃபேடு ரெண்டையும் ஆஃப் பண்ணிருங்க. க்ராஸ்ஃபேடு இருந்தா ஒவ்வொண்ணோட கடைசி சத்தம் அடங்கறதுக்குள்ள அடுத்தது வந்து ஏறிக்கும், எனக்கு அது சாமி கும்பிட்டுட்டு இருக்கறப்ப ஆரத்தித் தட்ட புடுங்கற மாதிரி. நடுவுல விளம்பரம் வராம டவுன்லோடு பண்ணி வெச்சுக்கங்க. வால்யூம் கம்மியா, ராத்திரி சாப்பாடெல்லாம் முடிஞ்சு வீடு அடங்குன அப்புறம், முடிஞ்சா ஃபேன் 2ல.

இப்ப முக்கியமான விஷயம். மொத தடவை ட்யூன தேடாதீங்க. மொத ட்ராக்ல எதாவது ஒரே ஒரு கம்பியோட சத்தத்த புடிச்சுக்கங்க, அது எங்க போய் மறையுதுன்னு கடைசி வரைக்கும் பின்னாடியே போங்க. நாதஸ்வரத்துல மூச்சு இருக்கற வரைக்கும் ஸ்வரம் நிக்கும், வயலின்ல வில்லு ஓடற வரைக்கும் நிக்கும். கிட்டார்ல அது நடக்காது, கம்பிய மீட்டுன அடுத்த நொடியே அந்த சத்தம் கொறைய ஆரம்பிச்சிரும், வாசிக்கறவரால அத புடிச்சு நிறுத்த முடியாது, விட்டுட்டு அடுத்தத தொடணும். வேகமா வாசிச்சா இது நமக்கு தெரியாது. மெத்தினி இங்க மெதுவா வாசிக்கறதால ஒவ்வொண்ணும் போறது கேக்கும். வார்த்தையே இல்லாம நெஞ்ச பிசையறது இதுதான்னு நான் நம்பறேன். வெரல் கம்பி மேல நகரும்போது 'கீச்'னு ஒரு சின்ன சத்தம் வரும், அதையும் விடாதீங்க, அங்க ஒரு மனுஷன் உக்காந்திருக்காருங்கறதுக்கு அதுதான் அடையாளம்.

பன்னெண்டு ட்ராக், ஒரு மணி நேரத்துக்கும் மேல. ஒரே மூச்சுல முடியலன்னா கடைசி ட்ராக்ல இருந்து ஆரம்பிக்கலாம், தப்பில்ல. 'லாஸ்ட் ட்ரெயின் ஹோம்', வீட்டுக்குப் போற கடைசி ரயில். இது 1987லயே அவரோட க்ரூப் போட்டது, ட்ரம்ஸ்ல ப்ரஷ் வெச்சு ரயில் ஓடற தாளம் வரும், சித்தார் மாதிரி ஒரு கிட்டார் மேல பாடும். மொதல்ல அத கேளுங்க, அப்புறம் இத. தாளம் இல்ல, வேற ஆளே இல்ல, ஆனா ரயில் மட்டும் ஓடிட்டே இருக்கும்.

அப்பா தவறி பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் கெளம்புன ராத்திரி, ஹால்ல ஸ்பீக்கர்ல இததான் போட்டுட்டு உக்காந்திருந்தேன். அம்மா பக்கத்துல மறுநாளைக்கு முருங்கக்கீரை ஆஞ்சுட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டு "எப்பப்பா பாட ஆரம்பிப்பாங்க?"ன்னாங்க. பாட்டு கெடையாதும்மா, இவ்ளோதான்னேன். அப்புறம் பேசல. பாதில பாத்தா கை நின்னு போச்சு, காம்பு வெரல்லயே இருக்கு. முடிஞ்சதும் "உங்கப்பா செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற நேரம் மாதிரி இருக்கு"ன்னாங்க. ட்ராக் பேர நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல.

கேக்கறப்ப அழுகை வந்தா நிறுத்தாதீங்க, ஃபோன எடுக்காதீங்க, ஓடட்டும். வரலன்னா கவலப்படாதீங்க, எனக்கு மொத ரெண்டு தடவை தூக்கம்தான் வந்துச்சு, மூணாவது தடவைதான் உள்ள எறங்குச்சு. வேல பாக்கும்போது பின்னாடி ஓடவிடறத மட்டும் கொஞ்ச நாளைக்கு தள்ளி வைங்க. இது பழகுன அப்புறம் 2011ல வந்த 'வாட்ஸ் இட் ஆல் அபவுட்' இருக்கு, அதுவும் தனி கிட்டார்தான், மத்தவங்க பாட்டெல்லாம் எடுத்து வாசிச்சிருப்பாரு. அப்புறம் 2024ல வந்த 'மூன்டயல்', அதுல நைலான் கம்பி, தொடுறதே மெத்துனு இருக்கும்.