"ஒரு மண்டலம் பாத்துட்டு வர்றேன்": மார்பகப் புற்றுநோய்க்கு மாத்து வைத்தியம் யோசிக்கிறவங்க பண்ற தவறுகள்

போன செவ்வாய்க்கிழமை கீமோ வார்டுக்கு வெளிய பெஞ்சுல ஒரு பொண்ணு பக்கத்துல உக்காந்திருந்தேன். வயசு 38. மடியில ஸ்கேன் கவரு, கையில பயாப்ஸி (கட்டியில ஊசி போட்டு துளி சதை எடுத்து பண்ற டெஸ்ட்) ரிப்போர்ட்டு, அத மடிச்சு மடிச்சு மடிப்புல பேப்பரே கிழிய ஆரம்பிச்சிருச்சு. அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு தேதி குடுத்துட்டாங்க. மெதுவா கேட்டா, "அக்கா, எங்க மாமியார் ஊர்ப்பக்கம் ஒரு வைத்தியர் இருக்காராம், ஒரு மண்டலம் மருந்து சாப்ட்டா கட்டி கரைஞ்சிருமாம், அத பாத்துட்டு வந்துரட்டுமா, ஆபரேஷன் எங்க போயிரப் போகுது?" எனக்கு அடிவயித்துல பகீர்னுச்சு. 2013-ல இதே கேள்விய, கிட்டத்தட்ட இதே வார்த்தையில, நான் என் டாக்டர்கிட்ட கேட்டேன்.

நான் டாக்டர் இல்ல. இந்த நோய் வந்து, தப்பான வழியில ரொம்ப தூரம் போயி, திரும்பி வந்து பொழச்சவ. எட்டு வருஷமா வாரத்துல ரெண்டு நாள் புதுசா வர்றவங்களோட உக்காந்து பேசுறேன். வாட்ஸ்அப்ல வர்றத நம்பாதீங்க, போலி டாக்டர்கிட்ட போகாதீங்கன்னு சொல்ல நான் தேவையில்ல, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நல்லா படிச்சவங்க, வெவரமானவங்க கூட விழுற குழிங்க வேற, அதத்தான் எழுதுறேன்.

"முதல்ல இத பாப்போம், சரிவரலைன்னா ஆஸ்பத்திரி"

இப்பவும் எனக்கு கோவம் வர்ற தப்பு இதுதான். ஆஸ்பத்திரியே வேணாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறவங்க நான் பாத்த வரைக்கும் ரொம்ப கம்மி. முக்காவாசி பேர் எப்படியும் வரத்தான் போறாங்க, ஆனா ஆஸ்பத்திரிய வரிசையில ரெண்டாவதா வச்சிடுறாங்க. அந்த வரிசைதான் ஆள சாய்க்குது.

அப்ப எனக்கு 41. குளிக்கும்போது இடது மார்புல சோப்பு வழுக்கிட்டுப் போற எடத்துல ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு, பெரிய புளியங்கொட்டை மாதிரி, வலியே கிடையாது. ஸ்கேன்ல 2.3 சென்டிமீட்டர், அக்குள்ல ஒண்ணும் இல்ல, 2-வது ஸ்டேஜ். கட்டியையும் சுத்தி கொஞ்சம் சதையையும் எடுத்தா போதும், மார்ப முழுசா எடுக்க வேண்டியதில்ல, அப்புறம் ரேடியேஷன் குடுக்கலாம், கீமோ வேணுமா வேணாமான்னு ஆபரேஷன் ரிப்போர்ட்ட பாத்து முடிவு பண்ணலாம்னாங்க. நான் சரி சரின்னு தலையாட்டிட்டு வெளிய வந்து ரெண்டு நாள்ல வைத்தியர் ஊருக்கு பஸ் ஏறிட்டேன்.

ஏன் போனேன்னு இப்ப யோசிச்சா, மருந்து மேல இருந்த நம்பிக்கையால இல்ல. ஆஸ்பத்திரியில எங்கிட்ட பேசுனது நாலு நிமிஷம். வைத்தியர் திண்ணையில உக்கார வச்சு, மோர் குடுத்து, நாடி புடிச்சு முக்கா மணி நேரம் பேசுனார், என் பொண்ணு எத்தனாவது படிக்கிறான்னு கூட கேட்டார். முடி கொட்டாது, கத்தி படாதுன்னு ஒருத்தர் சொன்னா அந்த நேரத்துல காதுக்கு அத விட இனிப்பா வேற எதுவும் கேக்காது. இத நான் ஆஸ்பத்திரி டாக்டர்ங்ககிட்டயும் சொல்லிட்டுதான் இருக்கேன், பத்து நிமிஷம் கூட பேசுங்க, பாதி பேர் போக மாட்டாங்கன்னு.

காலையில லேகியம், ரெண்டு வேளை கஷாயம், ராத்திரி மார்பு மேல பச்சிலை பத்து. புளி, மீன், கத்திரிக்காய் எதுவும் ஆகாது. பேனாவால கட்டிய சுத்தி ஒரு வட்டம் போட்டு வச்சிருந்தேன், அழிய அழிய திரும்ப போட்டுக்குவேன், தினமும் காலையில வெரல் வச்சு பாக்குறது. மூணாவது வாரம் வட்டத்துக்குள்ள கட்டி சின்னதாயிருந்துச்சு. மனப்பிரமை இல்ல, என் வீட்டுக்காரர் தொட்டுப் பாத்தும் அதையேதான் சொன்னார். அன்னைக்கு அம்மா முருகனுக்கு மாவிளக்கு போட்டாங்க.

ஏன் சின்னதாச்சுன்னு ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்கேன் ரூம்ல வேலை பாக்குற ஒரு தங்கச்சிதான் எனக்கு வெளக்கி சொன்னா. பயாப்ஸி ஊசி போட்ட எடத்துல உள்ள ரத்தம் கட்டி, சுத்தி வீங்கியிருக்கும், தொட்டா கட்டியும் வீக்கமும் சேந்து பெருசா தெரியும், ரெண்டு மூணு வாரத்துல அந்த வீக்கம் தானா வத்திரும். எனக்கு வத்துனது ரத்தக்கட்டு. உள்ள கேன்சர் அப்படியே இருந்துச்சு. நான் வெறும் சோறு ரசம் சாப்ட்டிருந்தாலும் அந்த வட்டம் சுருங்கியிருக்கும். பயாப்ஸி முடிஞ்ச கையோடதான் நம்மாளுங்க வைத்தியரத் தேடி ஓடுறோம், அதனால நிறைய பேருக்கு முதல் மாசம் "கரையுற" மாதிரியே தெரியுது, அந்த ஒரு மாச சந்தோஷத்த நம்பி அடுத்த மூணு மாசத்த தொலைக்கிறோம். இத யாராவது அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதான்னு இன்னும் ஆத்தாமையா இருக்கு.

மண்டலம் முடிஞ்சதும் "நல்லா கேக்குது, இன்னொரு மண்டலம் எடுத்துக்க"ன்னார். பத்தியத்துல ஆறு கிலோ எறங்கியிருந்தேன், அதையும் நோய் எறங்குதுன்னே சொன்னார். ரெண்டாவது மண்டலம் முடியிற நேரத்துல இடது பக்கம் ஜாக்கெட் அக்குள்ல புடிக்க ஆரம்பிச்சுது. மெலிஞ்ச ஒடம்புக்கு ஜாக்கெட் எப்படி புடிக்கும்னு அப்பதான் ஒறைச்சுது. திரும்ப ஸ்கேன் எடுக்குறப்ப கணக்கு போட்டா 112 நாள் ஆயிருந்துச்சு. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல, அக்குள்ல நெறிக்கட்டிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கு. 3-வது ஸ்டேஜ். முதல்ல கீமோ போட்டு சுருக்கி, அப்புறம் மார்ப முழுசா எடுத்து, அக்குள் நெறிக்கட்டியெல்லாம் எடுத்து, ரேடியேஷன் குடுத்து, கேன்சர் திரும்ப வராம இருக்க பத்து வருஷம் தமாக்ஸிஃபென்ங்கற ஹார்மோன் மாத்திரை. முடி கொட்டக் கூடாது, கத்தி படக் கூடாதுன்னு போனவளுக்கு முடியும் போச்சு, கத்தியும் முன்னாடி சொன்னத விட பெருசா பட்டுச்சு. நெறிக்கட்டிய எடுத்ததால நிணநீர் தேங்கி இடது கை வீங்கும், இன்னைக்கும் அந்தக் கையில வளையல் ஏறாது.

நான் பொழச்சது அதிர்ஷ்டம். 2020-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, மார்பகம் உட்பட 7 வகை கேன்சர், 12 லட்சத்துக்கு மேல நோயாளிங்க. ஆபரேஷன் 4 வாரம் தள்ளிப் போனா சாவு அபாயம் 6-ல இருந்து 8 சதவீதம் ஏறுது, இன்னும் 4 வாரம் தள்ளுனா இன்னும் ஏறுது. ஒரு மண்டலம் 48 நாள், கிட்டத்தட்ட 7 வாரம். கடைசி வரைக்கும் மாத்து வைத்தியத்துலயே நின்னவங்க கதை இன்னும் மோசம். அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்து டாக்டர்ங்க 2017-ல வெளியிட்டது, வேற உறுப்புக்கு பரவாத நெலையில மாத்து வைத்தியத்த மட்டும் எடுத்தவங்களையும் வழக்கமான சிகிச்சை எடுத்தவங்களையும் ஒப்பிட்டிருக்காங்க. மார்பகப் புற்றுநோய்ல 5 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க சிகிச்சை எடுத்தவங்கள்ல 100-க்கு 87 பேர், மாத்து வைத்தியம் மட்டும்னு இருந்தவங்கள்ல 58 பேர். குணப்படுத்த வாய்ப்பு இருந்த நெலையில போனவங்க இவங்க, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

போயே தீருவேன்னு இருக்கறவங்க அந்த வைத்தியர்கிட்ட இத மட்டும் கேளுங்க: எந்த தேதியில ஸ்கேன் எடுக்கணும், அதுல எத்தன மில்லிமீட்டர் குறைஞ்சிருக்கணும், குறையலைன்னா நீங்களே என்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்களா? பதில் தேதியாவும் அளவாவும் வரணும். "ஒடம்புல சூடு தணியட்டும்", "வெஷம் எறங்கட்டும்"னு வந்தா எழுந்து வந்துருங்க. இன்னொரு கேன்சர் டாக்டர்கிட்ட ரெண்டாவது கருத்து கேக்கணும், அதுக்கு பத்து பதினஞ்சு நாள் ஆகும்னா அது தப்பே இல்ல, தாராளமா கேளுங்க. அந்த நாளும் வைத்தியர் மருந்துலயே போயிரக் கூடாது, அவ்வளவுதான்.

"ஊசி குத்துனா பரவிரும்"

இந்த பயத்துல பயாப்ஸிய தள்ளாதீங்க. அது இல்லாம உங்களுக்கு எந்த மருந்து கேக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

"அவங்களுக்கு குணமாச்சே"

ஊருக்கு ஒருத்தர் இருப்பாங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும், ஆபரேஷன் ஆச்சா? நான் தேடிப் போயி பாத்த நாலு பேர்ல மூணு பேருக்கு ஆபரேஷன் ஆயிருந்துச்சு, கீமோவுக்கு பயந்து அதுக்கப்புறம் வைத்தியர்கிட்ட போனவங்க. கட்டி போனது ஆபரேஷன்ல, பேர் போனது லேகியத்துக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் குடுக்குற கீமோவும் மாத்திரையும் திரும்ப வராம தடுக்கத்தான், அத எடுக்காமலும் சில பேர் நல்லா இருப்பாங்க, ஆனா அந்த சில பேர்ல நீங்க ஒருத்தரான்னு எப்படி தெரியும்? நாலாவது ஆளுக்கு ரிப்போர்ட்டே இல்ல, அது கேன்சர் கட்டிதானான்னே யாருக்கும் தெரியல.

செடின்னா நல்லது, கீமோன்னா வெஷம்

கீமோ வார்டுல தினமும் ஏத்துற பாக்லிடாக்ஸெல், யூங்கற ஒரு மரத்தோட பட்டையில இருந்து கண்டுபுடிச்சது. நம்ம வீட்டு வாசல்ல பூக்குற நித்தியகல்யாணி, சுடுகாட்டு மல்லின்னும் சொல்லுவோம், அதுல இருந்து வந்ததுதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின்ங்கற கீமோ மருந்துங்க. செவப்பா ஏத்துவாங்களே டாக்ஸோரூபிசின், அது மண்ணுல இருக்கற ஒரு நுண்ணுயிர் குடுக்குறது. அப்ப செடி ஒரு பக்கம், கெமிக்கல் ஒரு பக்கம்னு கோடு போடறதுலயே அர்த்தம் இல்ல. உங்க உயரம், எடை பாத்து இத்தன மில்லிகிராம்னு அளந்து குடுக்க முடியுதா, ரத்தத்த டெஸ்ட் பண்ணி ஒத்துக்கலைன்னா குறைக்க முடியுதா, அதுதான் வித்தியாசம். நித்தியகல்யாணிய பறிச்சு அரைச்சு குடிக்கிறவங்கள நான் பாத்திருக்கேன். தயவு செஞ்சு பண்ணாதீங்க, அது வெஷச் செடி.

டாக்டர்கிட்ட மறைக்கிறது

ஒரு அம்மா, 60 வயசு, மூணாவது கீமோவுக்கு வந்தாங்க, ரத்த டெஸ்ட்ல லிவர் என்சைம் அளவு எகிறிக் கெடக்கு, கீமோ போட முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. அடுத்த வாரமும் அதே கதை. என்ன சாப்டுறீங்கன்னு டாக்டர் கேட்டா ஒண்ணுமில்லங்கறாங்க. அட்மிட் பண்ணி வச்சப்ப கட்டிலுக்கு அடியில பையில கைய விட்டா மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு, அடியில கருப்பா கஷாயம் ஒறைஞ்சு ஒட்டியிருக்கு. மகன் தினமும் காலையில ஊத்தி குடுத்துட்டு போயிருக்கான், பாவம், அம்மா மேல உள்ள பாசத்துல. நிறுத்துன பத்து நாள்ல அந்த அளவு எறங்குச்சு, கீமோ ஏறுச்சு. திட்டுவாங்கன்னு மறைச்சேன்னு அந்தம்மா அழுதாங்க.

மஞ்சள் கேப்ஸ்யூலும் இதுல சேத்திதான். குழம்புல போடுற மஞ்சளுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. மஞ்சள் சத்த மாத்திரையா, அதுவும் மிளகு சத்து சேத்து சாப்ட்டா, தமாக்ஸிஃபென் ரத்தத்துல இருக்க வேண்டிய அளவு கொறையுதுன்னு நெதர்லாந்துல 2019-ல பாத்து சொல்லியிருக்காங்க. எங்க வார்டுல பாதி பேர் பையில இந்த டப்பா இருக்கு. டப்பாவ அப்படியே எடுத்துட்டு போயி டாக்டர் மேசையில வைங்க.

முள் சீத்தா, ஆப்ரிகாட் கொட்டை

முள் சீத்தா கீமோவ விட 10,000 மடங்கு பவர்னு சுத்துறது ஆய்வுக்கூடத்து குடுவையில பாத்தத வச்சு ஊதுனது, மனுஷங்கள்ல கேன்சர குணப்படுத்துச்சுன்னு யாரும் காட்டல. கரீபியன் பக்கம் குவாதலூப் தீவுல இத நெறைய சாப்ட்டவங்களுக்கு கை கால் நடுக்க நோய் மாதிரி வந்தத பாத்திருக்காங்க. ஆப்ரிகாட் கொட்டையில இருக்கற ஒரு சத்து ஒடம்புக்குள்ள சயனைடுங்கற வெஷமா மாறும். அதுல இருந்து எடுத்த மருந்த 1982-ல 178 பேருக்கு குடுத்து பாத்துட்டு, பிரயோஜனம் இல்லன்னு எழுதிட்டாங்க.

புண்ணு மேல பச்சிலை கட்டறது

கட்டாதீங்க. புழு வச்சு வந்தவங்கள பாத்திருக்கேன்.

"ஆஸ்பத்திரின்னா லட்சக்கணக்குல ஆகும்"

லேகியத்துக்கும் பஸ்ஸுக்கும் தட்சணைக்கும் சேத்து எனக்கு ஆன செலவு 64,000 ரூபா, அம்மாவோட ரெட்டவட சங்கிலி அதுலதான் போச்சு. தமிழ்நாட்டுல முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, கேன்சர் சிகிச்சை அதுல வருது, பெரிய அரசு ஆஸ்பத்திரிங்கள்லயும் பாக்குறாங்க. தங்கச்சிய கேன்சர்ல பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மா அடையாறுல கேன்சர் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சது 1954-ல. கேன்சர குணப்படுத்துறோம்னு மருந்துக்கு வெளம்பரம் பண்ணக் கூடாதுன்னு சட்டம் வந்ததும் அதே 1954-லதான். எழுவது வருஷம் ஆச்சு, இன்னும் பஸ் ஸ்டாண்டு சுவத்துல நோட்டீஸ் இருக்கு.

எல்லாத்தையும் தூக்கிப் போடறது

இதுவும் தப்புதான். யோகா, நடை, மூச்சுப் பயிற்சி எல்லாம் கீமோ நேரத்து அசதிக்கும் பதட்டத்துக்கும் நெசமாவே ஒதவும், ஹார்மோன் மாத்திரையால வர்ற மூட்டு வலிக்கு அக்குபங்சர் சில பேருக்கு கேக்குது. எனக்கு கொமட்டலுக்கு இஞ்சித் துண்டு வாயில போட்டா கொஞ்சம் ஆசுவாசமா இருந்துச்சு, டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் போட்டேன். கீமோ போட்ட ஏழாம் நாள்ல இருந்து ரெண்டாவது வாரம் முடியிற வரைக்கும் வெள்ளை அணு ரொம்ப கொறைஞ்சிருக்கும், அந்த சமயத்துல பச்சையா அருகம்புல் ஜூஸ், ரோட்டோர ஜூஸ் எல்லாம் வேணாம், காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அந்தப் பொண்ணுகிட்ட செவ்வாய்க்கிழமை நான் இதெல்லாம் கொட்டல. மாமியாரையும் கூட்டிட்டு வா, நான் பேசுறேன்னு மட்டும் சொன்னேன், ஏன்னா வீட்ல முடிவெடுக்கறது அவங்கதான்னு அவ பேச்சுலயே தெரிஞ்சுது. நாளைக்கு பதினோரு மணிக்கு வர்றாங்க. என்னோட பழைய ஸ்கேன் ரெண்டையும் பீரோவுல இருந்து எடுத்து வச்சிருக்கேன், பிப்ரவரியில எடுத்தது ஒண்ணு, ஜூன்ல எடுத்தது ஒண்ணு, தேதி ரெண்டுலயும் தெளிவா தெரியுது.