புதிதாக வந்த நாய் சாப்பிடவில்லையா? முதலில் தட்டை விட்டு விலகி நில்லுங்கள்

சந்தையடியில் இருந்து தூக்கி வந்ததோ, ஏ9 வீதியோரம் நின்றதோ, உறவினர் வீட்டில் இருந்து கைமாறி வந்ததோ, புது வளவுக்கு வந்த நாய் முதல் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாதது வழமை. பயத்தில் இருக்கிற உடம்புக்குப் பசி பிறகுதான் வரும். நல்ல தேகத்தோடு உள்ள வளர்ந்த நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால், ஒரு நாள் சாப்பிடாவிட்டாலும் ஆபத்தில்லை. அந்த நேரத்தில் வீட்டுக்காரர் பதறிச் செய்கிற காரியங்கள்தான் பல தடவை அதை ஒரு கிழமைக்கு இழுத்துவிடுகின்றன.

அவற்றில் பெரியது, சுற்றி நிற்பது. பிள்ளைகளும் அயலட்டையும் கூடி நின்று, "சாப்பிடு, சாப்பிடு" என்று தட்டை முகத்துக்கு நேரே தள்ளுவார்கள். நேராகக் கண்ணைப் பார்ப்பதும் தலைக்கு மேலே குனிவதும் நாய்க்கு மிரட்டல். தெருவில் வளர்ந்த நாய்க்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடை பூட்டி, ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு தின்றுதான் அது பழகியிருக்கும். பகல் 12 மணிக்கு முற்றத்தின் நடுவில் வைக்கிற சோறு அதற்குச் சாப்பாடாகவே தெரியாது.

இருட்டுப்பட்ட பிறகு, கோடிப்பக்கத்தில் அதன் முதுகுக்குச் சுவரோ வேலியோ இருக்கிற மூலையில் வையுங்கள். சீமெந்துத் தரையில் சத்தம் போடும் சில்வர் தட்டு வேண்டாம். மண்சட்டியோ வாழையிலையோ போதும். வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். முதல் இரவு நீங்கள் படுக்கப் போகும்வரை விடலாம். விடியும்வரை விட்டால் எறும்பு மொய்க்கும், சோறு புளிக்கும், அயல் நாய்கள் வேலிக்குள்ளால் வரும். அடுத்த நாளில் இருந்து விடியவும் இரவும் ஒரே இடம், ஒரே நேரம், 20 நிமிடம். தின்னாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள். இந்த ஒழுங்கு இரண்டு மூன்று நாளில் பல நாய்களைச் சாப்பிட வைத்துவிடும்.

அடுத்த தவறு, மணிக்கொரு சாப்பாடு மாற்றுவது. சோறு தின்னவில்லை என்று பிஸ்கட், அது தின்னவில்லை என்று பசுப்பால், பிறகு கோழி. பல வளர்ந்த நாய்களுக்குப் பசுப்பால் செரிக்காது, வயிற்றோட்டம் வரும். வயிறு கெட்ட நாய் அடுத்த நாளும் சாப்பிடாது. முன்பு வைத்திருந்தவரிடம் என்ன கொடுத்தார் என்று கேட்டு, முதல் கிழமை அதையே கொடுங்கள். தெரியாவிட்டால் குழைய அவித்த சோறு இரண்டு பங்கு, முள் நீக்கிய அவித்த மீன் ஒரு பங்கு. மீன் அவித்த தண்ணீரைச் சூடு ஆறி இளஞ்சூட்டில் மேலே ஊற்றினால் மணம் எழும். நாய்க்கு நாக்கை விட மூக்குத்தான் முதலில் சொல்லும்.

வீட்டுக் கறியைப் பிசைந்து வைப்பதை நிறுத்துங்கள். உறைப்பு மட்டுமல்ல காரணம். வெங்காயமும் உள்ளியும், பச்சையோ சமைத்ததோ, நாயின் சிவப்பு இரத்தக் கலங்களை உடைக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே இரத்தத்தில் மாற்றம் காட்டப் போதும். கருவாட்டுத் தலையில் உப்பு அதிகம். சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

எலும்பு தெரிய மெலிந்து வந்த நாய்க்கு மாறான தவறு நடக்கும். பரிதாபப்பட்டு வயிறு முட்டக் கொடுப்பார்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென நிறையச் சோறு போனால் இரத்தத்தில் பொஸ்பரசும் பொட்டாசியமும் சரிந்து, உயிரே போகலாம். 10 கிலோ நாய்க்கு முதல் நாள் ஒரு அவித்த முட்டையும் ஒரு சின்னத் துண்டு மீனும், நாலு வேளையாகப் பிரித்து. பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, 4 முதல் 7 நாளில் முழு அளவுக்கு வாருங்கள். எழும்பி நிற்கவே முடியாத நாயை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

கட்டும் இடமும் பசியைக் கெடுக்கும். படலையடியில் சங்கிலியில் கட்டினால் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் அது துள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கொட்டிலுக்குக் கீழே பகலில் எந்த நாயும் தின்னாது. வேம்போ மாவோ நிழல் தரும் இடம், நீளமான கயிறு, எட்டும் தூரத்தில் தண்ணீர்ச் சட்டி. 10 கிலோ நாய்க்கு நாளுக்கு அரை லீற்றருக்கு மேல் தண்ணீர் வேண்டும், வெயிலில் இன்னும் கூட. காலையில் ஒரு லீற்றர் அளந்து ஊற்றினால் பின்னேரம் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். காட்டோரக் கிராமங்களில் இரவில் யானை வெடி கொளுத்தினாலும், வற்றாப்பளைப் பொங்கல் நாளில் வெடியும் ஒலிபெருக்கியும் கேட்டாலும், அன்று சாப்பிடாததைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வந்த அன்றே குளிக்க வார்ப்பதும் வேண்டாம், பயத்தைக் கூட்டும். உண்ணி நிறைய இருந்தால் கையுறை போட்டுச் சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், கழிவு ஒயில், வயலுக்கு அடிக்கிற மருந்து எதையும் பூசாதீர்கள். நாய் நக்கும், அப்படியே விழும். காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பதும் ஈரலைக் கெடுக்கும்.

எல்லாம் பயம்தான் என்று காத்திருப்பதும் தவறே. உண்ணி கடித்த நாய்க்கு பபீசியா, எர்லிக்கியா போன்ற இரத்த நோய்கள் வரலாம். இரண்டுக்கும் தொடக்க அடையாளங்களில் ஒன்று சாப்பாட்டை வெறுப்பது. உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறி இருந்தாலோ, மூக்கால் இரத்தம் வந்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போனாலோ, வெப்பநிலை 39.5 பாகை செல்சியஸைத் தாண்டினாலோ அன்றே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். கொழுக்கிப் புழு நிறைய இருந்தாலும் முரசு வெளிறும். குடற்புழு மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். வேறு குறி ஒன்றும் இல்லாவிட்டாலும், இரண்டு நாள் முழுக்க ஒன்றும் தின்னாவிட்டால் காட்டுங்கள். தண்ணீரும் குடிக்காவிட்டால் ஒரு நாளுக்கு மேல் பொறுக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு இந்தத் தவணை இல்லை. 12 மணி நேரம் சாப்பிடாவிட்டாலே இரத்தத்தில் சீனி இறங்கிச் சோர்ந்துவிடும். உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டு போங்கள், போகும் வழியில் முரசில் கொஞ்சம் சீனிப்பாகு தடவுங்கள். சத்தியும் இரத்தம் கலந்த நாற்றமான வயிற்றோட்டமும் சேர்ந்தால் பார்வோ வைரசாக இருக்கலாம், மற்றக் குட்டிகளை விலக்கி வையுங்கள்.

வாயைப் பிளந்து சோறு திணிப்பது எந்த நாய்க்கும் வேண்டாம், சுவாசப்பைக்குள் போகும். அதைவிடப் பெரிய காரணம் விசர் நோய். வரலாறு தெரியாத நாய் விழுங்க முடியாமல் வீணீர் வடித்தால், குரல் கரகரத்தால், தாடை தொங்கினால், தொண்டையில் முள் சிக்கியதென்று கையை விடாதீர்கள். தனியே அடைத்துவிட்டு, கால்நடை வைத்தியருக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ சொல்லுங்கள். கடித்தாலோ, வீணீர் காயத்தில் பட்டாலோ சவுக்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள்.