வடசென்னைக் கடற்காற்றில் டிஸ்க் கோல்ஃப்: எண்கள், விதிகள், பெண்கள் போட்டிகள்

டிஸ்க் கோல்ஃப் என்பது பந்துக்குப் பதிலாகத் தட்டை எறிந்து கூடையில் போடும் ஆட்டம். அந்தத் தட்டுதான் டிஸ்க். இன்னோவா நிறுவனத்தின் லெப்பர்ட் டிஸ்க்குக்கு 6, 5, -2, 1 என்று நான்கு எண்கள் உண்டு. பெரும்பாலும் தட்டின் மேலேயே அச்சடித்திருக்கும். இந்த நான்கையும் படிக்கத் தெரிந்துகொண்டால் எந்த டிஸ்க்கை எப்போது எடுப்பது என்ற குழப்பம் தீர்ந்துவிடும். மிச்சம் இருப்பது விதிகள். எண்களோ விதிகளோ, படித்தால் மட்டும் மண்டையில் ஏறாது. நல்ல ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். புதிதாக ஆடுகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, பெண்கள் தொழில்முறைப் போட்டியைப் பாருங்கள் என்பதுதான். ஆண்கள் பிரிவின் முன்னணி ஆட்டக்காரர்கள் வெறும் கைவேகத்திலேயே பல சிக்கல்களைத் தாண்டிவிடுவார்கள். பெண்கள் பிரிவில் எந்த டிஸ்க், எந்தக் கோணம், எங்கே இறக்குவது என்ற தேர்வு ஒவ்வொரு த்ரோவிலும் துலக்கமாகத் தெரியும். நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதைத்தான்.

ஆட்டம் எளிது. டீ என்ற தொடக்க இடத்திலிருந்து எறிகிறோம், விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிகிறோம், சங்கிலி தொங்கும் பாஸ்கெட்டுக்குள் எத்தனை த்ரோவில் போட்டோம் என்பதே ஸ்கோர். ஒரு டீயும் அதன் பாஸ்கெட்டும் சேர்ந்தது ஒரு ஹோல்; பொதுவாக 18 ஹோல். குறைந்த ஸ்கோர் வென்றது. சங்கிலி பாஸ்கெட்டைக் கொண்டுவந்த எட் ஹெட்ரிக்தான் 1976-ல் பிடிஜிஏ என்ற தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கினார். இன்றைக்கும் விதிப்புத்தகம் அவர்களுடையதுதான்.

நான்கு எண்கள்

முதல் எண் வேகம். டிஸ்க் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைவிட, அது தன் குணத்தைக் காட்ட நீங்கள் எவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்று இதைப் படிப்பதுதான் சரி. 2, 3 என்றால் பாஸ்கெட்டுக்கு அருகில் எறியும் புட்டர்; 4, 5 நடுத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச்; 6 முதல் 8 வரை அதைவிடத் தூரம் போகும் ஃபேர்வே டிரைவர்; அதற்கு மேல் தூர டிரைவர். இரண்டாவது எண் கிளைட், காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. 1 முதல் 7 வரை. மூன்றாவது டர்ன், நான்காவது ஃபேட். குழப்பம் வருவது கடைசி இரண்டில்தான்.

வலது கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து எறிந்தால், மேலிருந்து பார்க்கும்போது டிஸ்க் கடிகாரச் சுற்றில் சுழலும். வேகம் இருக்கும் முதல் பாதியில் அது வலப்பக்கம் சாயும், அது டர்ன். -1 என்றால் லேசாக, -3 என்றால் நன்றாக. வேகம் குறைந்த பின் இடப்பக்கம் சாய்ந்து இறங்கும்; அது ஃபேட், 0 முதல் 5 வரை. சுழல்கிற பம்பரத்தை ஒரு பக்கம் தட்டினால் அது தட்டிய திசையில் சாயாமல் பக்கவாட்டில் நகருமே, அதே இயற்பியல்தான் இது. வேகத்தில் போகும்போது தட்டின் தூக்குவிசை நடுப்புள்ளிக்குப் பின்னால் விழுகிறது, வேகம் குறைந்ததும் முன்னால் நகர்கிறது. சுழற்சி அந்த முன்பின் தள்ளலை இடவலச் சாய்வாக மாற்றிவிடுகிறது. இடது கைக்காரருக்கும், வலது கையால் ஃபோர்ஹேண்ட் எறிபவருக்கும் எல்லாம் நேர்மாறு.

அதிகம் டர்ன் ஆகிறதை அண்டர்ஸ்டேபிள் என்பார்கள், டர்னே இல்லாமல் ஃபேட் மட்டும் பலமாக இருப்பதை ஓவர்ஸ்டேபிள் என்பார்கள். இன்னோவா ஃபயர்பேர்ட் 9, 3, 0, 4. நல்ல ஓவர்ஸ்டேபிள். டெஸ்ட்ராயர் 12, 5, -1, 3. புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, தொழில்முறை ஆட்டக்காரர்கள் எறிகிறார்கள் என்று இந்த டெஸ்ட்ராயரை முதலில் வாங்குவது. 12 கேட்கிற வேகம் உங்கள் கையில் இல்லையென்றால் அந்த -1 வெளிப்படவே வெளிப்படாது. 3 மட்டும்தான் கண்ணில் படும். தட்டு எறிந்த மாத்திரத்தில் இடப்பக்கம் திரும்பித் தரையில் குத்தும். கை கோணல் என்று நினைத்துக்கொள்வீர்கள், தப்பு டிஸ்க்கில்தான்.

முதலில் மூன்று போதும்: ஏவியர் போல ஒரு புட்டர் (2, 3, 0, 1), டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் போல ஒரு மிட்ரேஞ்ச் (5, 4, -1, 1), லெப்பர்ட் போல ஒரு ஃபேர்வே டிரைவர். அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆடியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த 175 கிராம் தட்டு 27 செ.மீ. அகலமும் மொத்தையான விளிம்பும் கொண்டது. கோல்ஃப் டிஸ்க்கின் அகலம் 21 செ.மீ.தான், விளிம்பு கூர்மை. பறந்து வரும்போது அதைக் கையால் பிடிக்கப் போகாதீர்கள். யாராவது குறுக்கே வந்தால் 'ஃபோர்' என்று கத்துங்கள்.

எறியும் கோணத்துக்கும் பெயர் உண்டு. உடம்புக்கு வெளிப்பக்க விளிம்பு தாழ்ந்திருந்தால் ஹைசர், உயர்ந்திருந்தால் ஆன்ஹைசர். அண்டர்ஸ்டேபிள் டிஸ்க்கை ஹைசரில் விட்டால் அது நடுவழியில் நிமிர்ந்து நேராகப் போகும். இதுதான் ஹைசர் ஃபிளிப். கை பலம் குறைந்தவர்களுக்குத் தூரம் தரும் வழி இது. தட்டின் முன்விளிம்பு தூக்கியிருந்தால் நோஸ் அப். டிஸ்க் மேலே ஏறி, நின்று, இடப்பக்கம் சரியும். பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்குத் தூரம் வராததற்கு இதுதான் காரணம். கட்டைவிரலைத் தட்டின் மேல் அழுத்தி வைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே மடக்கி எறிந்து பாருங்கள். தட்டு படபடவென்று ஆடிக்கொண்டே போனால் பிடி தளர்வு என்று அர்த்தம்.

காற்று

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ காசிமேட்டிலோ ஆடுகிறவர்கள் காற்றைத் தெரிந்துகொள்ளாமல் எண்களை நம்பினால் ஏமாந்துபோவார்கள். எதிர்காற்றில் டிஸ்க்கைத் தொடும் காற்றின் வேகம் கூடுகிறது. அதனால் ஒவ்வொரு டிஸ்க்கும் தன் எண்ணைவிட அதிகமாக டர்ன் ஆகும். பின்காற்றில் அது குறைகிறது. டர்ன் போய், ஃபேட் சீக்கிரம் வந்து, தட்டு பொத்தென்று விழும்.

கோடையில் மத்தியானம் ஆனால் கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். கிழக்கு நோக்கி எறிந்தால் அது எதிர்காற்று: லெப்பர்டைப் பையில் வைத்துவிட்டு ஓவர்ஸ்டேபிளை எடுங்கள், தாழ்வாக எறியுங்கள், நோஸ் துளியும் தூக்கக் கூடாது. மேற்கு நோக்கி என்றால் லெப்பர்டே சரி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாக. வடக்கு பார்த்து நின்றால் கடல் வலக்கைப் பக்கம். அப்போது ஹைசரில் விட்ட தட்டின் வயிற்றில் காற்று அடித்து, இடப்பக்கம் வெகுதூரம் தூக்கிக்கொண்டு போகும். தெற்கு பார்த்தால் அதே ஹைசரின் முதுகில் அடித்துத் தரையில் அமுக்கும். ஒரே டிஸ்க்கை, ஒரே கோணத்தில், நான்கு திசையிலும் ஐந்தைந்து முறை எறிந்து பாருங்கள். ஒரு சாயங்காலத்தில் இது புரிந்துவிடும். 150 கிராம் அளவுள்ள லேசான தட்டுகள் இந்தக் காற்றில் அலைக்கழியும். 170 கிராமுக்கு மேல் வாங்குங்கள். கையில் ஒரு துண்டு எப்போதும் இருக்கட்டும். நம் ஊர் வியர்வையில் தட்டு வழுக்கித் தப்பான நேரத்தில் கையை விட்டுப் போகும். கடலை நோக்கி மட்டும் எறியாதீர்கள், பெரும்பாலான டிஸ்க்குகள் மிதக்காது.

பாஸ்கெட் இல்லாத ஊரில்

விதிப்படியே, குறித்த ஒரு பகுதியைத் தட்டு தொட்டால் போதும் என்று இலக்கு வைத்து ஆடலாம். மரத்தில் சிவப்புத் துணி கட்டினால் ஆட்டம் தொடங்கிவிடும். மின்கம்பம் வேண்டாம். ஆனால் புட்டிங், அதாவது அருகிலிருந்து பாஸ்கெட்டுக்குள் போடுவது, பழகச் சங்கிலி வேண்டும். பழைய 28 அங்குல சைக்கிள் ரிம் இரண்டு, ஜிஐ பைப் ஒன்று, சங்கிலி, கீழ்க் கூடைக்குக் காசிமேடு பக்கம் கிடைக்கும் பழைய மீன்வலை இருந்தால் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். கீழ் ரிம்மின் மேல்விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ. இருக்க வேண்டும், இது அதிகாரப்பூர்வ அளவு. இரண்டு ரிம்முக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி விடுங்கள். வெளிவட்டத்தில் 12, உள்வட்டத்தில் 6 சங்கிலி போதும். சங்கிலியை இழுத்துக் கட்டினால் டிஸ்க் பட்டுத் தெறிக்கும்; தளர்வாகத் தொங்கினால்தான் வேகத்தை வாங்கிக்கொண்டு தட்டைக் கீழே விடும். துத்தநாகப் பூச்சு இல்லாத சங்கிலி உப்புக்காற்றில் சீக்கிரமே துருவேறிவிடும்.

சண்டை வரும் விதிகள்

நடுவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். குழுவில் ஆடுகிறவர்களே விதியைச் சொல்லி நடத்த வேண்டும். டீயில் முந்தைய ஹோலில் குறைவாக எடுத்தவர் முதலில். அதன்பின் பாஸ்கெட்டுக்கு யார் தூரமோ அவர். முறை வந்தபின் எறிய 30 விநாடி.

கால் வைக்கும் இடம்தான் அதிகம் தப்பாகிறது. டிஸ்க் நின்ற இடத்தை, பாஸ்கெட் பக்கமாக அதன் விளிம்பை ஒட்டி ஒரு சின்ன மார்க்கர் வைத்துக் குறியுங்கள். மார்க்கருக்கு நேர்ப்பின்னால் 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் உள்ள செவ்வகமே உங்கள் இடம். பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்தான். தட்டு கையை விடும் கணத்தில் உடம்பின் ஏதாவது ஒரு பகுதி அதற்குள் ஊன்றியிருக்க வேண்டும். எதுவும் பாஸ்கெட்டுக்கு நெருக்கமாக ஊன்றக் கூடாது. மீறினால் ஒரு தண்டனை த்ரோ. எறிந்த வேகத்தில் முன்னால் போவது பாஸ்கெட்டிலிருந்து 10 மீட்டருக்கு வெளியே தப்பில்லை. 10 மீட்டருக்குள் என்றால், எறிந்தபின் உடம்பை நிலைநிறுத்திக் காட்டிவிட்டுத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும். மைதானத்தில் 10 மீட்டர் கயிறு ஒன்று வைத்திருங்கள், பாதி வாக்குவாதம் ஓயும்.

எல்லைக்கு வெளியே போவது ஓபி. தட்டு முழுவதும் வெளியே இருந்தால்தான் ஓபி. விளிம்பு கோட்டுக்குள் துளி இருந்தாலும் உள்ளேதான். முதல் த்ரோ ரோட்டுக்குப் போனால் அது ஒன்று, தண்டனை ஒன்று, அடுத்து எறிவது மூன்றாவது. கோட்டைக் கடந்த இடத்திலிருந்து ஒரு மீட்டர் வரை உள்ளே வந்து எறியலாம். காணாமல்போன டிஸ்க்கைத் தேட மூன்று நிமிடம். கிடைக்காவிட்டால் ஒரு தண்டனையோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். பாஸ்கெட்டின் உச்சியில் உட்கார்ந்த டிஸ்க் கணக்கில் வராது.

பெண்கள் போட்டியைப் பார்ப்பது

பெண்கள் தொழில்முறைப் பிரிவுக்குப் பெயர் எஃப்பிஓ. மேலே ஆண்கள் பிரிவு என்று சொன்ன எம்பிஓ உண்மையில் எல்லோருக்கும் திறந்த பிரிவு. டிஸ்க் கோல்ஃப் புரோ டூர் போட்டிகளின் நேரலை டிஸ்க் கோல்ஃப் நெட்வொர்க்கில், சந்தா கட்டிப் பார்க்க வேண்டும். ஜோமெஸ்புரோ, ஜிகே புரோ போன்ற யூடியூப் சேனல்களில் தொகுத்த ஆட்டங்கள் இலவசம். நடையும் காத்திருப்பும் வெட்டப்பட்டிருப்பதால் கற்றுக்கொள்ள இவையே மேல். நேரலைதான் வேண்டும் என்றால்: கோடையில் அமெரிக்காவின் கன்சாஸில் காலை 9 மணி நமக்கு இரவு 7.30. பின்லாந்தில் மதியம் 1 மணி நமக்கு 3.30. பிடிஜிஏ தளத்தில் ஸ்கோர் மட்டும் இலவசமாக ஓடிக்கொண்டிருக்கும்.

நான்கு நான்கு பேராக ஆடுவார்கள். அந்தக் குழுவுக்கு கார்டு என்று பெயர். முன்னணியில் இருக்கும் நால்வர் லீட் கார்டு, அடுத்த நால்வர் சேஸ் கார்டு. கடைசி நாளில் லீட் கார்டு கடைசியாகக் கிளம்பும். பாஸ்கெட்டைச் சுற்றி 10 மீட்டர் முதல் வட்டம், 10 முதல் 20 வரை இரண்டாம் வட்டம். திரையில் சி1எக்ஸ் என்று வருவது முதல் வட்டத்துக்குள், ஒட்டிவிழுந்த சுலபமானவற்றைக் கழித்து, எத்தனை சதவீதம் புட் உள்ளே போனது என்பது. தூரத்தைவிட இந்த எண்ணைக் கவனியுங்கள்.

எஸ்டோனியாவின் கிறிஸ்டின் டாட்டர் 2022-லும் 2023-லும் உலக சாம்பியன். 2022 போட்டி கன்சாஸின் எம்போரியாவில் நடந்தது. மறைப்பில்லாத திறந்தவெளி, காற்று ஓயாத ஊர். கடற்காற்றில் ஆடுகிற நமக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. 2023 வெர்மான்ட்டில், மலையும் மரமும் நெருக்கும் களத்தில். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரே ஆட்டக்காரர் டிஸ்க்கை மாற்றும் விதம் தெரியும். 2024-ல் பட்டம் பின்லாந்தின் எவெலீனா சலோனெனுக்கு. அதற்கு முந்தைய தலைமுறைக்கு பெய்ஜ் பியர்ஸ்: 2011 முதல் 2019 வரை ஐந்து உலகப் பட்டம். தாய்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஆடும் ஓன் ஸ்காகின்ஸையும் விடாதீர்கள். டிரைவில், அதாவது டீயிலிருந்து எறியும் தூரத்தில், பின்தங்கினாலும் புட்டிங்கில் ஈடுகட்டுவார்.

முதல் முறை ஆட்டத்தை அப்படியே ரசித்துவிடுங்கள். இரண்டாம் முறை சத்தத்தை நிறுத்தி, ஒவ்வொரு டீயிலும் கொடியும் மரக்கிளையும் எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று பார்த்து, எந்த டிஸ்க், ஹைசரா ஆன்ஹைசரா என்று எறிவதற்குமுன் நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். வர்ணனையாளர் டிஸ்க்கின் பெயரைச் சொன்னால் அதன் நான்கு எண்களைத் தேடிப் பக்கத்தில் குறியுங்கள். உங்கள் கணிப்பு தவறும் ஹோலில் வீடியோவைப் பின்னுக்கு இழுத்து, தட்டு கையை விடும் கணத்தில் நிறுத்தி விளிம்பின் சாய்வைப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிட ஹைசர் அதிகமாக இருக்கும்.