பவுண்டு கடையில் ஏமாறாமல் வாங்குவது எப்படி?

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்து, அறைச் சாவி கைக்கு வந்த அன்றே வாளி, துடைப்பம், ஹேங்கர், தலையணை உறை என்று ஒரு பட்டியலோடு கடைவீதிக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைவீதியை இங்கே ஹை ஸ்ட்ரீட் என்பார்கள். நம் ஊர் பஜாரை மனதில் வைத்துக்கொண்டு போனால் முகம் தொங்கிவிடும். இரண்டு கடை மூடிக் கிடக்கும், பக்கத்தில் மின் சிகரெட் விற்கிற ஒரு வேப் கடை, ஒரு சலூன், ஒரு பந்தயக் கடை, பழைய துணியும் புத்தகமும் விற்கிற சாரிட்டி ஷாப் ஒன்று. ஜனமெல்லாம் எங்கே என்று தேடினால், எதையும் ஒரு பவுண்டுக்கு விற்றுப் பேர் வாங்கிய பவுண்ட்லேண்டிலோ, அதைப் போன்ற மலிவுக் கடைகளான பி அண்ட் எம்மிலோ ஹோம் பார்கின்ஸிலோ கூடையோடு வரிசையில் நிற்கும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1909-ல் லிவர்பூலில் முதல் கடையைத் திறந்த வூல்வொர்த்ஸ், மிட்டாய் முதல் சட்டி பானை வரை விற்று எல்லா ஊரிலும் ஒரு கிளை வைத்திருந்தது. 2009 ஜனவரிக்குள் 800-க்கும் மேற்பட்ட கடைகளையும் மூடிவிட்டார்கள். பிறகு 2016-ல் பிஹெச்எஸ், 2021-ல் டெபனம்ஸ் என்று பெரிய பல்பொருள் கடைகளும் மூடின. கடை வாடகை, அதன் மேல் பிசினஸ் ரேட்ஸ் என்ற வரி, ஆன்லைன் வியாபாரம், ஊருக்கு வெளியே இலவச பார்க்கிங்கோடு நிற்கிற ரீடெயில் பார்க் என்று நாலு பக்கமும் இடி. மலிவுக் கடை மட்டும் தப்பித்தது என்றும் சொல்ல முடியாது. பவுண்ட்வேர்ல்ட் 2018-ல் போனது, வில்கோ 2023-ல் போனது. பவுண்ட்லேண்ட் நிறுவனத்தையே 2025 ஜூனில் ஒரு பவுண்டுக்குத்தான் கைமாற்றினார்கள். அந்தக் கடைக்குள் இருக்கிற நிறையச் சாமான்கள் அதைவிட விலை அதிகம்!

சரி, வாங்குவதற்கு வருவோம்.

முதல் வேலை, பெரிய எழுத்தில் இருக்கிற விலையைப் பார்க்காதீர்கள். அதே சீட்டின் ஓரத்தில் எறும்பு மாதிரி ஒரு எண் இருக்கும், 100 கிராமுக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று. பெரிய கடைகள் அதைப் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம், சின்னக் கடைகளுக்குக் கட்டாயமில்லை. அது இல்லாத இடத்தில் போனில் கால்குலேட்டரைத் திறந்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. உதாரணத்துக்கு, மலிவுக் கடையில் பாத்திரம் கழுவும் திரவம் 300 மில்லி ஒரு பவுண்டு, சூப்பர் மார்க்கெட்டில் 500 மில்லி ஒன்றரை பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். கை தானாக ஒரு பவுண்டு பாட்டிலுக்குத்தான் போகும். கணக்குப் போட்டால் 100 மில்லிக்கு அது 33 பென்ஸ், இது 30 பென்ஸ். விலையை ஏற்றாமல் அளவைக் குறைப்பது பெரிய கம்பெனிகளுக்கும் கைவந்த கலைதான். 2016-ல் டாப்ளரோன் சாக்லேட்டின் முக்கோணங்களுக்கு நடுவே இடைவெளியை அகலமாக்கி, 170 கிராம் கட்டியை 150 கிராமாக ஆக்கினார்கள். பார்த்தால் அதே நீளம், கடித்தால்தான் தெரியும்.

எதை யோசிக்காமல் வாங்கலாம்? ஹேங்கர், வாளி, துணி கிளிப், குப்பைப் பை, கடித உறை, செல்லோடேப், பிறந்தநாள் வாழ்த்து அட்டை. வாழ்த்து அட்டையை முறைப்படி அட்டைக் கடைக்கே போய் வாங்குகிறேன் என்று கிளம்பினால் விலையைப் பார்த்துவிட்டு வாழ்த்தே வேண்டாம் என்று தோன்றிவிடும். பேட்டரி வாங்கும்போது மட்டும் அல்கலைன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாத சாதா ரகம் சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போதும், பொம்மைக்கும் டார்ச்சுக்கும் தாங்காது. பாரசிட்டமால் சூப்பர் மார்க்கெட்டிலோ மலிவுக் கடையிலோ அவர்கள் சொந்தப் பெயரில் விற்கிற 16 மாத்திரை அட்டையே போதும். பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டியில் இருப்பதும் அதே 500 மில்லிகிராம் மருந்துதான், பெட்டிக்குத்தான் கூடுதல் காசு.

எதை வாங்கக் கூடாது என்றால், முதலில் மின்சாரச் சாமான். வந்த புதிதில் ஒரு கடையில் பேர் தெரியாத சார்ஜர் ஒன்று வாங்கினேன். சொருகிய பத்தாவது நிமிஷம் கை வைக்க முடியாத சூடு, பிளக்கின் ஓரம் லேசாக இளகியிருந்தது. வாடகை வீட்டில், அதுவும் ராத்திரி தலைமாட்டில், இந்த விளையாட்டு வேண்டாம். சார்ஜர், எக்ஸ்டென்ஷன் போர்டு, ஹீட்டர் மூன்றுக்கும் தெரிந்த கம்பெனி, தெரிந்த கடை. அடுத்தது மிளகாய்த்தூள், சீரகம், மஞ்சள். சூப்பர் மார்க்கெட்டில் சின்னக் கண்ணாடிக் குப்பியில் நாற்பது கிராம் சீரகத்தை வைத்திருப்பார்கள், மலிவுக் கடையிலும் ஏறக்குறைய அந்தக் கதைதான். லண்டனில் டூட்டிங், ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி பக்கம் நம் ஆட்கள் கடைக்குப் போனால் அரைக் கிலோ பையாகவே கிடைக்கும், கருவேப்பிலையும் முருங்கைக்காயும் கூடவே வரும், ‘அண்ணா, புளி நல்லதா இருக்கா’ என்று கேட்கவும் ஆள் உண்டு. அந்த வீதிகளில் கூட்டம் குறையாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டுச் சாமான் ஏன் சில கடைகளில் அவ்வளவு மலிவு என்றால், சில சமயம் தேதி நெருங்கிய சரக்கு. பெட்டியில் ‘யூஸ் பை’ என்று இருந்தால் அந்தத் தேதிக்குப் பிறகு தொடவே கூடாது, விற்கவும் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் தேதி தாண்டியும் விற்கலாம். பிஸ்கட்டின் மொறுமொறுப்பு கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆல்டி, லிடில் என்ற மலிவு சூப்பர் மார்க்கெட்டுகள் வேறு ரகம். ஏறத்தாழ 2,000 வகைச் சாமான்களை மட்டும் வைத்துக்கொண்டு, அட்டைப் பெட்டியோடு அடுக்கி, குறைந்த ஆட்களை வைத்துச் சமாளிப்பதால் விலை நிஜமாகவே இறங்குகிறது. பால், முட்டை, ரொட்டி, வெங்காயம் அங்கேயே வாங்குங்கள். ஆனால் கடையின் நடு வரிசை இருக்கிறதே, அங்கே தலையைக் குனிந்துகொண்டு போய்விடுங்கள். பால் வாங்கப் போய் டிரில் மெஷினும் நீச்சல் கண்ணாடியும் வாங்கி வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நான் கயாக் துடுப்பு வரை போய்த் திரும்பியவன்.

பில்லைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு பவுண்டு சாமானாக இருந்தாலும் உடைந்தோ பழுதாகவோ இருந்தால் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்க 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரு கடையில் ‘மாற்றித்தான் தருவோம், காசு கிடையாது’ என்றார்கள், சட்டத்தின் பெயரைச் சொன்னதும் மேனேஜர் வந்தார், காசும் வந்தது. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது மட்டும் நேரில் வாங்கியதற்கு உரிமை ஆகாது, அது கடையின் தயவு.

கடை மூடுகிறார்கள், எல்லாம் பாதி விலை என்று போர்டு தொங்கினால் ஓடிப்போய் அள்ளாமல், அதே சாமான் வேறு இடத்தில் என்ன விலை என்று போனில் ஒரு தடவை பாருங்கள். பாதி என்பது எதிலிருந்து பாதி என்று யாரும் எழுதுவதில்லை. அந்தக் கடையின் கிஃப்ட் கார்டு கையில் இருந்தால், கடை தள்ளாடுகிறது என்று செய்தி வந்த அன்றே செலவழித்துவிடுங்கள். திவாலான பிறகு நீங்களும் கடன்காரர்கள் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

கிளம்பும்போது வீட்டிலிருந்து ஒரு துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பைக்குக் குறைந்தது 10 பென்ஸ் வாங்குவார்கள், இவ்வளவு நேரம் பாத்திரத் திரவத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.