டீசால்டரிங் கருவி வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எலெக்ட்ரானிக் போர்டில் ஒரு பாகத்தைப் பிடித்திருக்கும் சால்டரை (பற்றுலோகத்தை) உருக்கி உறிஞ்சி, பாகத்தைக் கழற்றுவதுதான் டீசால்டரிங். அப்போது பேட் (காலைச் சுற்றி போர்டில் ஒட்டியிருக்கும் செம்பு வட்டம்) பிய்ந்துபோனதும் பலரும் சால்டரை உறிஞ்சும் பம்பைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் போர்டின் துளைக்குள் இருக்கும் சால்டர் முழுதாக உருகும் முன்பே பாகத்தின் காலைப் பிடித்து இழுத்திருப்பார்கள். அதனால் "இழுவிசை அதிகம்" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பிக் கருவி எடுப்பதையே நான் முதல் தவறு என்பேன். முதலில் பார்க்க வேண்டியது சூடு.

கம்ப்யூட்டர் மதர்போர்டில் உப்பிப்போன கெபாசிட்டரைக் கழற்றுகிறீர்கள் என்று வையுங்கள். அதன் நெகட்டிவ் கால், போர்டின் உள்ளடுக்கில் பரந்து கிடக்கும் கிரவுண்ட் செம்போடு சேர்ந்திருக்கும். நீங்கள் கொடுக்கும் சூட்டையெல்லாம் அந்தச் செம்பு வாங்கிக்கொள்ளும். மேலே சால்டர் பளபளவென்று உருகி நிற்கும். உள்ளே கெட்டியாகவே இருக்கும். 25 வாட் அயர்னை (சால்டரை உருக்கும் சூட்டுக்கோலை) வைத்துக்கொண்டு எத்தனை பம்ப் மாற்றினாலும் அந்தத் துளை சுத்தமாகாது. பழைய ரேடியோ போர்டுகளில் உள்ள 63/37 சால்டர் (63% வெள்ளீயம், 37% ஈயம்) 183 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். 2006 ஜூலையில் ஐரோப்பா ஈயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு பரவலான ஈயமில்லாத சால்டருக்கோ 217 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே கையில் இருக்கும் பணத்தை முதலில் வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள, குறைந்தது 60 வாட் சால்டரிங் ஸ்டேஷனிலும் உளி போல அகலமான பிட்டிலும் (அயர்னின் முனையிலும்) போடுங்கள். கழற்றும் முன் மூட்டில் கொஞ்சம் புது 63/37 சால்டரை ஏற்றினால் வேலை பாதியாகக் குறையும்.

பம்பைக் கடையிலேயே சோதிக்காமல் வாங்குவது அடுத்த தவறு. பிஸ்டனை அழுத்திப் பூட்டி, முனையை விரலால் இறுக அடைத்து, பட்டனைத் தட்டுங்கள். சீல் நன்றாக இருந்தால் பிஸ்டன் பாதியிலேயே தயங்கி நிற்கும். சட்டென்று மேலே ஓடிவந்தால் காற்று கசிகிறது, அதை வாங்காதீர்கள். முனையும் ஓ-ரிங்கும் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமும்) தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சூட்டில் உருகித் தேயும் முனைக்கு மாற்று கிடைக்காவிட்டால், பம்பையே தூக்கிப்போட வேண்டியதுதான். முனையில் சிலிக்கான் குழாய் வைத்த பம்ப்களும் உண்டு. அவை மூட்டோடு ஒட்டி உட்காரும், பிட்டின் சூட்டையும் தாங்கும். கூடுதல் விலைக்குத் தகும்.

அயர்னும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்த மலிவான ரகத்தை நான் பரிந்துரைப்பதில்லை. சூடும் அரைகுறை, இழுவையும் அரைகுறை.

விக், அதாவது உருகிய சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல், விஷயத்தில் அகலத்தைப் பார்க்காமல் வாங்குகிறார்கள். பேடைவிட மிக அகலமான விக் பக்கத்து டிராக்கையும் (செம்புப் பாதையையும்) சேர்த்துச் சுடும். 1.5 மில்லிமீட்டரில் ஒன்று, 2.5 மில்லிமீட்டரில் ஒன்று இருந்தால் பெரும்பாலான வேலை ஓடும். செம்பு நிறம் மங்கிப் பழுப்பான விக் சால்டரை உறிஞ்சாது. அப்போது அழுத்தித் தேய்ப்பவர்கள்தான் பேடை இழக்கிறார்கள். ஃப்ளக்ஸ் (செம்பின் மங்கலை நீக்கி சால்டரைப் பரவச் செய்யும் பொருள்) தடவிப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால் புதிது வாங்குங்கள்.

தினமும் போர்டு பார்க்கும் கடைக்கு மின்சார பம்ப் வைத்த டீசால்டரிங் கன் நல்ல முதலீடு. ஹாக்கோ எஃப்ஆர்-301 போன்றவற்றில் சூடான முனையே உருக்கி, அதே துளை வழியாக உறிஞ்சும். இங்கே நடக்கும் தவறு, ஒரே நாசிலை (உறிஞ்சும் முனையை) வைத்து எல்லாவற்றையும் கழற்றப் பார்ப்பது. நாசில் துளை காலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ஐசி கால்களுக்கு 1.0 மில்லிமீட்டர் வைத்திருங்கள், தடித்த டிரான்ஸ்ஃபார்மர் கால்களுக்கு 1.6. சால்டர் உருகியதும் நாசிலை மெல்லச் சுழற்றுங்கள், கால் தளர்ந்து அசைவது கையில் தெரியும். அதற்குப் பிறகே டிரிகரை அழுத்துங்கள். சால்டர் வந்த பிறகும் ஓரிரு விநாடி உறிஞ்சவிட்டால் குழாய் அடைக்காது. ஃபில்டரும் துப்புரவு ஊசியும் உள்ளூரில் கிடைக்காத கன், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முதல் அடைப்போடு அது பெட்டிக்குள் போய்விடும்.