சூடாகி நின்றுபோன வேக்யூம் கிளீனர்

என் கார்ட்லெஸ் வேக்யூம் கிளீனர் மூன்றே நிமிடத்தில் பொசுக்கென்று நின்றுவிடும். பிடிக்குக் கீழே தொட்டால் சுடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். பேட்டரி போய்விட்டது என்றே முடிவு கட்டி, புதிதாக வாங்கக்கூடக் கிளம்பிவிட்டேன்.

காட்டிக்கொடுத்தது சத்தம்தான். வழக்கமான இரைச்சல் இல்லை. கீச்சென்று ஏறிய ஒலி. காற்றுப் பாதை அடைபட்டால் மோட்டார் அப்படித்தான் கத்தும். உறிஞ்சும் காற்றேதான் அதைக் குளிரவும் வைக்கிறது. அது குறைந்தால் சூடேறி, பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், சுத்தம். அடுத்து ஃபில்டர். மேலே வெள்ளைதான். மடிப்புகளை விரித்தால் உள்ளே பிசைந்த மாவை அப்பியதுபோலச் சாம்பல் நிறத் தூசு! போன தடவை கழுவிவிட்டு, ஈரம் காயுமுன் மாட்டிய என் அவசரத்தின் பலன். சோப்பில்லாமல் அலசி, 24 மணி நேரம் நிழலில் காயவிட்டேன். பிரஷ் உருளையில் சுற்றியிருந்த தலைமுடியையும் கத்தரித்து எடுத்தேன்.

இப்போது 20 நிமிடம் நிற்காமல் ஓடுகிறது. டர்போ என்ற அதிவேக நிலையில் மட்டும் கொஞ்சம் சுடுகிறது; தரைவிரிப்புக்குத் தவிர அதைத் தொடுவதில்லை.