ஆக்சஸ்ல டேபிள் லாக் ஆகுதா? முதல்ல புடிச்சு வச்சிருக்கறது யாருன்னு பாருங்க

எம்எஸ் ஆக்சஸ்ங்கற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல செஞ்ச ஃபைல் ஒண்ணை நாலஞ்சு பேர் சேந்து யூஸ் பண்ற ஆபீஸ்ல "சேவ் ஆகல, லாக்னு வருது"ங்கற புகார் வராம இருக்காது. உடனே எல்லாரையும் வெளிய வரச்சொல்லி சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க, அப்போதைக்கு சரியாகும், மதியம் திரும்ப வரும், யாரால வந்துச்சுன்னும் தெரியாமலே போயிடும்.

எரர் நம்பரைக் குறிச்சுக்கோங்க, பாதி விஷயம் அதுலயே இருக்கு. 3260 வந்தா வேற யாரோ அந்த ரெக்கார்டை, அதாவது டேபிள்ல அந்த ஒரு வரியை, புடிச்சிருக்காங்க, யூசர் பேரும் மெஷின் பேரும் மெசேஜ்லயே வரும், யூசர் பேர் பெரும்பாலும் எல்லாருக்கும் அட்மின்னுதான் காட்டும் அதனால மெஷின் பேரைப் பாருங்க. 3197 லாக்கே இல்ல, ரெண்டு பேர் ஒரே டேட்டாவை ஒரே நேரத்துல மாத்திருக்காங்க, அவ்ளோதான்.

3211தான் உண்மையான டேபிள் லாக் தகராறு. நீங்க ஓட்டற வேலைக்கு முழு டேபிளும் தனியா வேணும், ஆனா வேற ஒரு ஃபார்மோ, கீழ விரியற லிஸ்ட் வர்ற ஒரு காம்போ பாக்ஸோ அதே டேபிளைத் திறந்து வச்சிருக்கு. மேக் டேபிள் குவெரியை பட்டன்ல வச்சிருக்கற அப்ளிகேஷன்ல இது அடிக்கடி வரும், ஏன்னா அது ஒவ்வொரு தடவையும் பழைய டேபிளைத் தூக்கிட்டு புதுசா உருவாக்குது. அதுக்குப் பதிலா டேபிளை நிரந்தரமா வச்சுக்கிட்டு பழைய வரிகளை அழிக்க டிலீட் குவெரி, அப்புறம் புதுசைச் சேக்க அப்பெண்ட் குவெரின்னு ஓட்டுங்க, ரிப்போர்ட்டுக்கான தற்காலிக டேபிள்னா அதை அவங்கவங்க மெஷின்லயே வச்சிடுங்க.

அடுத்து லாக் ஃபைல். டேட்டாபேஸ் இருக்கற ஃபோல்டர்லயே அதே பேர்ல எல்ஏசிசிடிபின்னு (.laccdb) முடியற ஒரு ஃபைல் இருக்கும், முதல் ஆள் திறக்கும்போது உருவாகி கடைசி ஆள் மூடும்போது அழியும். எல்லாரும் மூடிட்டோம்னு சொன்னப்புறமும் இருந்தா டிலீட் பண்ணிப் பாருங்க, முடியலைன்னா இன்னும் யாரோ உள்ள இருக்காங்க. விண்டோஸ் சர்வர்ல கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் போய் ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓபன் ஃபைல்ஸ் பாத்தா ஆள் மாட்டுவார். லாக் ஃபைலை நோட்பேட்ல திறந்தாலும் மெஷின் பேர் தெரியும், ஆனா வெளிய போனவங்க பேரும் அதுல அப்படியே கிடக்கும், அதை வச்சு யாரையும் திட்டிடாதீங்க. அந்த ஃபோல்டர்ல எல்லாருக்கும் ஃபைல் உருவாக்க, மாத்த, அழிக்க பர்மிஷன் இருக்கணும், படிக்க மட்டும் குடுத்தா ஷேரிங் ஒழுங்கா நடக்காது.

இப்பதான் செட்டிங்ஸ். ஃபைல், ஆப்ஷன்ஸ், கிளையன்ட் செட்டிங்ஸ்ல ஓபன் மோட் ஷேர்டுன்னும் ரெக்கார்ட் லாக்கிங் நோ லாக்ஸ்னும் வைங்க, ரெக்கார்ட் லெவல் லாக்கிங் டிக்கையும் போடுங்க. டிக் இல்லைன்னா லாக் 4 கேபி பேஜ் கணக்குல விழும், நீங்க ஒரு பில்லைத் தொட்டா பக்கத்துல இருக்கற பில்லும் சேந்து மாட்டும். இந்த டிக்ல ஒரு கூத்து, முதல்ல திறக்கற ஆளோட செட்டிங்தான் எல்லாருக்கும், அதனால ஒரு மெஷின் விடாம மாத்தணும்.

ஏற்கனவே செஞ்ச ஃபார்ம்களை இது மாத்தாது, ஒவ்வொண்ணா டிசைன் வியூல டேட்டா டேப்ல ரெக்கார்ட் லாக்ஸைப் பாருங்க. ஆல் ரெக்கார்ட்ஸ்னு இருந்தா ஒருத்தர் அந்த ஃபார்மைத் திறந்தாலே முழு டேபிளும் போச்சு. எடிட்டட் ரெக்கார்ட் பரவால்ல, ஆனா ஓரத்துல பென்சில் ஐகான் இருக்கற வரைக்கும் லாக் போகாது, பஸ் சீட்ல துண்டைப் போட்டுட்டு டீ குடிக்கப் போற ஆளுங்க எல்லா ஆபீஸ்லயும் உண்டு.

எல்லாரும் சர்வர்ல இருக்கற ஒரே ஃபைலைத் திறந்தா என்ன செட்டிங் வச்சாலும் தலைவலிதான். டேட்டாபேஸ் டூல்ஸ்ல ஸ்பிளிட் பண்ற விசார்ட் இருக்கு, டேபிள் மட்டும் சர்வர்ல இருக்கட்டும், ஃபார்ம் ரிப்போர்ட் எல்லாம் ஆளுக்கொரு காப்பி அவங்க மெஷின்ல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துக்கோங்க. அந்த டேபிள் ஃபைலை மட்டும் ஒன்டிரைவ் மாதிரி சிங்க் ஆகற ஃபோல்டர்ல வச்சிடாதீங்க, அங்க ஒவ்வொருத்தரும் திறக்கறது தனித்தனி காப்பி, லாக்கே வேலை செய்யாது.